பெயர் பொறிக்காத கொடை

என்னிடம் முதுகலை படித்த மாணவி ஒருத்தி, சில ஆண்டுகளுக்கு முன், துறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து என்னைக் காண வந்தாள். திருமணமாகி ஒரு குழந்தைக்குத் தாயாகியிருந்தாள். கணவர் வாங்கிய கடனை அடைக்க ஒரு மருத்துவமனையில் கருமுட்டை கொடுத்திருக்கிறாள். "காசு குடுத்துத்தாம்மா எடுத்தாங்க. ஆனா கையெழுத்துப் போட்ட தாள்ல 'தானம்'னு இருந்துச்சு. நீங்க கல்வெட்டு வகுப்புல சொன்ன தானம் வேற மாதிரி இருந்துச்சே?" என்று கேட்டாள். அன்று அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

கல்வெட்டுகளில் தானம் என்பது பெயரோடு வருவது. குந்தவை தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்தவை அவர் பெயரோடு கல்லில் இருக்கின்றன. அரசியர் மட்டுமல்ல, தேவரடியார் பெண்களும் விளக்குக்குக் கொடுத்தார்கள். ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடுகள், சாவா மூவாப் பேராடுகள் என்ற கணக்கு வரைக்கும் எழுதப்பட்டிருக்கிறது. இன்னார் மகள், இன்ன ஊரினள், இன்னது கொடுத்தாள் என்பதைச் சொல்லாத கொடை அங்கே அரிது. அதே மரபு இன்னொரு தானத்தையும் வைத்திருக்கிறது. கன்னிகாதானத்தில் பெண் கொடுப்பவள் அல்ல, கொடுக்கப்படும் பொருள். கருமுட்டை தானம் இந்த இரண்டில் எதைச் சேர்ந்தது?

முட்டை என்ற ஒன்று பெண்ணுக்குள் இருப்பதே நெடுங்காலம் அறியப்படாமல் இருந்தது. ஆண் வித்து, பெண் நிலம் என்று மனு சொன்னார். பெண் பொருளைத் தருகிறாள், உருவைத் தருபவன் ஆண் என்றார் அரிஸ்டாட்டில். விளைச்சல் விதைத்தவனுக்கு, விளையாவிட்டால் பழி நிலத்துக்கு. 'மலடன்' என்ற சொல் அகராதியில் இருக்கிறது. தெருவில் கேட்பதென்னவோ 'மலடி'தான். மகாபாரதத்தில் வித்தைக் கொடுத்த வியாசரின் பெயர் நிலைத்தது. விருப்பமின்றிக் கண்ணை மூடிய அம்பிகைக்குப் பார்வையற்ற பிள்ளை. அச்சத்தில் வெளுத்த அம்பாலிகைக்கு வெளிறிய பிள்ளை. இணங்காத உடலுக்குக் கதை கொடுத்த தண்டனை அது.

பாலூட்டியின் சினைமுட்டையை ஒரு நாயின் சூலகத்தில் கண்டு 1827இல் வெளியிட்டார் கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயர். பெண் வெறும் நிலம் அல்ல, அவளிடமும் வித்து இருக்கிறது என்பது அப்போது உறுதியானது. ஆனால் கண்ணுக்குத் தெரிந்த பொருள் கைக்கும் எட்டத் தொடங்கியது. 1944இல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில், உடலுக்கு வெளியே மனிதக் கருமுட்டையைக் கருவுறச் செய்ததாக ஜான் ராக்கும் மிரியம் மென்கினும் அறிவித்தார்கள். ஆறாண்டுக் காலம் ஆய்வுக்கூடத்தில் நின்று அதைச் செய்தவர் மென்கின். முட்டைகளோ, அறுவைக்கு வந்த பெண்களின் சூலகத் திசுவிலிருந்து எடுக்கப்பட்டவை. மென்கின் பெயரே பிந்தித்தான் பேசப்பட்டது. அந்தப் பெண்களின் பெயர்கள் எங்குமே இல்லை.

முட்டைகளைப் பெருக்கும் மருந்தின் கதை இன்னும் விந்தையானது. மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரில் சூலகத்தைத் தூண்டும் ஹார்மோன் மிகுதியாக இருக்கும். அதற்காக இத்தாலியில் முதிய கன்னியாஸ்திரீகளின் சிறுநீர் மடங்களிலிருந்து குடம் குடமாகச் சேகரிக்கப்பட்டது. அதிலிருந்து உருவான பெர்கோனால் என்ற மருந்தால் 1960களின் தொடக்கத்தில் குழந்தைகள் பிறந்தன. தாய்மையைத் துறந்தவர்களின் உடலும் தாய்மைக்குப் பயன்பட்டது.

1978இல் இங்கிலாந்தில் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. அதே ஆண்டில் கொல்கத்தாவில் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இருவரும் தத்தம் தாயின் முட்டையில் உருவானவர்கள். ஒருத்தியின் முட்டையை இன்னொருத்தி சுமந்து பெறுவது 1983-84இல் நடந்தது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகக் குழு, சூலகம் செயலிழந்த பெண்ணுக்கு இன்னொருவரின் முட்டையால் குழந்தை பிறக்கச் செய்தது. கலிபோர்னியாவில் கையாண்ட முறை வேறு. கொடுக்கும் பெண்ணின் உடலுக்குள்ளேயே பெறுபவளின் கணவரது விந்தைச் செலுத்தி, ஐந்தாறு நாளில் கருப்பையைக் கழுவிக் கருவை எடுத்து மாற்றினார்கள். கழுவியதில் வராமல் தங்கிவிட்டால், கொடுத்தவளே கர்ப்பமாவாள். அந்த முறை நிலைக்கவில்லை.

நிலைத்த முறையும் எளிதல்ல. மாதம் ஒன்று முதிர வேண்டிய முட்டை ஒரே சுழற்சியில் பல முதிர வேண்டும் என்பதற்காகப் பத்து நாளுக்கு மேல் ஊசி. பிறகு மயக்க மருந்து கொடுத்து, யோனி வழியே ஊசி செலுத்தி உறிஞ்சி எடுக்கிறார்கள். சிலருக்குச் சூலகம் மிகையாகத் தூண்டப்பட்டு வயிற்றில் நீர் கோக்கும். அரிதாக உயிருக்கே ஆபத்தாகும். விந்து கொடுப்பதையும் இதையும் 'தானம்' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம்.

2014இல் டெல்லியில், முட்டை எடுக்கப்பட்டபின் இளம் தாய் ஒருவர் இறந்தார். 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியிடம், போலி ஆதார் அட்டையில் வயதைக் கூட்டி, பல முறை முட்டை எடுக்கப்பட்டது வெளியே வந்தது. பெற்ற தாயும் கைதானார்.

2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் சில வேலிகளைப் போட்டது. கொடுப்பவருக்கு வயது 23 முதல் 35 வரை, வாழ்நாளில் ஒரே முறை, ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக்கூடாது, 12 மாதக் காப்பீடு, விற்பனைக்குத் தடை. வேலி வேண்டியதுதான். ஆனால் மருத்துவருக்குக் கட்டணம் உண்டு, ஆய்வகத்துக்கும் உண்டு. அந்த அறையில் வலியைத் தாங்குபவள் மட்டும் கொடைவள்ளலாக இருக்க வேண்டுமாம். காசு கொடுத்தால் ஏழைப் பெண்ணின் உடல் சந்தையாகும். கொடுக்காவிட்டால் அவள் உழைப்பு இலவசமாகும். பெண்ணியர்களும் இதில் ஒரே குரலில் பேசவில்லை.

பெறுபவளையும் மறக்க வேண்டாம். புற்றுநோய்ச் சிகிச்சையில் சூலகத்தை இழந்தவள், முப்பதிலேயே மாதவிடாய் நின்றவள் ஆகியோரின் ஏக்கம் பொய்யல்ல. இரண்டு பெண்களுக்கு இடையே உண்மையிலேயே ஒன்று கைமாறுகிறது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை என்பதுதான் துயரம்.

பிரிட்டனில் 2005 ஏப்ரலுக்குப் பின் பதிவான கொடையாளர்களால் உருவான பிள்ளைகள், 18 வயதில் அவர்கள் யார் என்று அறியலாம். நம் நாட்டில் அந்தக் கதவு திறக்கவில்லை.

அந்த மாணவி மீண்டும் வந்தால் இப்படிச் சொல்வேன்: நீ கொடுத்தது தானம் அல்ல, உழைப்பு, அதில் உன் உடலின் வலியும் இருந்தது. 96 ஆடுகளுக்குக் கணக்கு எழுதிய மொழி நம்முடையது. உன் பெயரையும் அது எழுதியிருக்க வேண்டும்.