நீர்மோதல் (வீட்டுக் குழாய்கள்)

குழாயினுள் ஓடும் நீர் திடீரென மறிக்கப்படும்போது எழும் அழுத்த அலையும், அதனால் குழாய் படாரென்று அடிப்பதும் நீர்மோதல் எனப்படும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. அங்குள்ள திருநெல்வேலி வீடுகளில், சுண்ணக்கற்பாறையில் தேங்கிய நிலத்தடி நீரை மோட்டர் கிணற்றிலிருந்து இறைத்து மேல்நிலைத் தாங்கிக்கு ஏற்றுகிறது. அங்கிருந்து அது தன் பாரத்தால் வீட்டுக்குள் இறங்குகிறது. ஏறுவழி, இறங்குவழி என்ற இவ்விரண்டில் எதில், எந்தக் கணத்தில் சத்தம் எழுகிறது என்று கண்டு, அங்கே நீரை மெல்ல நிற்கச் செய்வதே சரியான பரிகாரம்.

இதற்கான அடிப்படைக் கணக்கை 1890களின் இறுதியில் மொஸ்கோ நீர்வழங்கல் குழாய்களில் சோதித்து நிறுவியவர் ரஷ்ய அறிஞர் நிக்கொலாய் சுக்கோவ்ஸ்கி. நீரின் அடர்த்தி, குழாயில் அழுத்த அலை பரவும் வேகம், நீரோட்டம் இழந்த வேகம் ஆகிய மூன்றின் பெருக்கமே அழுத்த உயர்வு. செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில் ஓடும் நீர் சட்டென்று நின்றால் இரும்புக் குழாயில் சுமார் 12 பார் அழுத்தம் எழும். பி.வி.சி. குழாய் இளகிக் கொடுப்பதால் அதில் அலைவேகம் செக்கனுக்கு 400 மீற்றர் அளவே. அழுத்தம் சுமார் 4 பார். ஐந்து மீற்றர் உயரத் தாங்கி தருவதோ அரைப் பார்தான். ஆகவே, தாங்கி பதிவாக இருப்பதாலும் குழாய் பிளாஸ்டிக் என்பதாலும் அஞ்சத் தேவையில்லை என்ற வாதம் நிற்காது. வேகம் ஒன்றரை மீற்றரானால் அதிர்ச்சி மட்டுமே 6 பார். டைப் 600 வகைப் பி.வி.சி. குழாய் தாங்கவென வகுக்கப்பட்ட அழுத்தமும் அதுவே. ஒருநாள் அடியில் குழாய் வெடிக்காமல் போகலாம். நாள்தோறும் விழும் அடி பசை ஒட்டிய மூட்டுகளைத் தளர்த்திவிடும்.

அலை குழாயின் மறுமுனை சென்று திரும்பும் நேரத்தைவிட மெதுவாக ஓட்டம் நின்றால் அதிர்ச்சி தணியும். இருபது மீற்றர் பி.வி.சி. வழியில் அந்த நேரம் செக்கனின் பத்தில் ஒரு பங்கு. திருகிப் பூட்டும் பழைய பைப் இதைவிட மெதுவாகவே மூடும். ஒரே தட்டில் மூடும் நெம்புபிடி பைப்பும் சலவை இயந்திரத்தின் மின்வால்வும் அப்படியல்ல. ஏறுவழியில் நடப்பது வேறு. மோட்டர் நின்றதும் மேலேறிய நீர் பின்னோக்கி விழுந்து, தடுப்பு வால்வின் மடலை அறைந்து மூடுகிறது. மோட்டரை நிறுத்துமுன் கேட் வால்வை மெல்லப் பூட்டினால் போதாதா என்று கேட்கலாம். கையால் நிறுத்தும்போது அது போதும். மின்வெட்டு வந்தால் பூட்ட அவகாசம் இராது. நீர் திரும்புமுன்பே மூடிக்கொள்ளும் வில் வைத்த தடுப்பு வால்வே அப்போது காக்கும்.

குழாயைச் சுவரோடு இறுக்கிப் பிணைத்தால் சத்தம் அடங்குகிறதே என்பார்கள். பிணைப்பு வேண்டியதுதான், தளர்ந்த குழாய் ஆடி மூட்டை உடைக்கும். ஆனால் அது அசைவை மட்டுமே தடுக்கிறது, உள்ளே எழும் அழுத்தம் குறைவதில்லை. மூடிய செங்குத்துக் குழாயில் காற்றை அடைத்து வைக்கும் முறையும் நிலைக்காது. காற்று நீரில் கரைந்துபோகும், இடையிடையே நீரை வடித்துப் புதுப்பிக்க வேண்டும். சவ்வோ உந்தியோ கொண்டு காற்றைப் பிரித்து வைத்த அதிர்ச்சித் தாங்கி நெடுநாள் உழைக்கும். சத்தங்கள் எல்லாம் நீர்மோதலும் அல்ல: நீர் ஓடும்போதே முரலும் பைப்புக்கு வொஷர் மாற்றினால் போதும். அடி மட்டும் ஓட்டம் நிற்கும் கணத்தில் விழும். முதலில் வால்வைச் சீராக்கி, அடுத்து அதிர்ச்சித் தாங்கி பொருத்தி, கடைசியில் பிணைப்பை இறுக்குவதே முறை. பிணைப்பில் தொடங்கினால் எச்சரிக்கை அடங்கிவிடும், சேதம் தொடரும்.