ஒரு மணிநேர ஆகாய மார்க்கம்

புத்தளத்தார்க்கு ஆகாய விமானம் நேற்று வந்த அதிசயமன்று. இரண்டாம் உலக யுத்த காலத்திலே பிரிட்டிஷ் கடற்படையினர் புத்தளத்தை அடுத்த தில்லையடிக்கு அயலில் ‘ராஜாளியா’ என்ற பெயரோடு ஒரு விமானத்தளத்தை நடத்தியபோது, மணிக்கு 600 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பறக்கவல்ல கோர்சேர் போர்விமானங்களைத் தரையிலே யானைகள் இழுத்துச் சென்ற காட்சியை அக்காலத்துப் புகைப்படங்களில் இன்றும் காணலாம். வானத்தில் அவ்வளவு வேகங்கொண்ட யந்திரம் பாகனுடைய அதட்டலுக்கும் ஆனையின் நடைக்கும் அடங்கி நகர்ந்தது எனக்கு எப்போதும் ரசமான விஷயம்.

யுத்தம் விட்டுச்சென்ற தளங்களுள் யாழ்ப்பாணத்துப் பலாலிக்குப் பயணிகள் விமானங் காணும் பாக்கியம் வாய்த்தது. 1947 டிசம்பர் 10ஆந் திகதி, எயார் சிலோன் ஸ்தாபனத்தின் ‘சீதாதேவி’ என்னும் டி.சி.-3 விமானம் கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து கிளம்பி, யாழ்ப்பாணத்தில் இறங்கி, மறுபடி எழும்பிச் சென்னைக்குச் சென்றது. நேர்கோட்டில் அளந்தால் இரத்மலானைக்கும் பலாலிக்கும் இடையே சுமார் 330 கிலோமீட்டர். பலாலிக்கும் சென்னைக்கும் சுமார் 355. ஆக, யாழ்ப்பாணத்தான் ஒருவனுக்குக் கொழும்பும் சென்னையும் ஆகாயத்தில் ஏறக்குறைய சமதூரமே. மணிக்கு 270 கிலோமீட்டர் அளவில் செல்லும் அவ்விமானத்துக்கு ஒவ்வொரு பாதியும் ஒன்றரை மணிநேரத்துக்குள் அடங்கியிருக்கும். 1956இல் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஓடத் தொடங்கிய யாழ்தேவி ரயிலிலே பகற்பொழுதின் பெரும்பகுதியைக் கழித்தவர்கள் அந்த வித்தியாசத்தை நன்கறிவார்கள்.

ஆனால் பூமிசாஸ்திரம் வகுத்த தூரம் மாறாதிருக்க, பிரயாண காலத்தை ராஜாங்கமும் யுத்தமுமே நிர்ணயித்தன. 1979இல் எயார் சிலோன் மூடப்பட்டது. 1998 செப்டம்பர் 29ஆந் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் வடமேற்குக் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 55 பேரும் மாண்டார்கள். அதன்பின் சில வருஷங்கள் சாதாரண ஜனங்களுக்கு அம்மார்க்கமே இல்லாமற்போயிற்று. 2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கி, மறுவருஷம் கொள்ளைநோயால் நின்று, 2022 டிசம்பர் 12ஆந் திகதி மீண்டும் ஆரம்பமாயிற்று. சீதாதேவி பறந்து எழுபத்தைந்து வருஷங்களும் இரண்டு நாட்களும் கழிந்திருந்தன.

தில்லையடிக்கு யாழ்ப்பாணம் வேறு விதத்தில் கிட்டிய ஊர். 1990 அக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகளின் கட்டளைப்படி, இரண்டு மணிநேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய முஸ்லிம்களும், மன்னாரிலிருந்து தோணியேறிக் கற்பிட்டியில் கரைசேர்ந்தவர்களும் புத்தளப் பகுதி ஊர்களில் குடியமர்ந்தபோது, தில்லையடியும் அவர்களில் பலருக்கு ஊராயிற்று. கல்யாணத்துக்கும் மையித்துக்கும் காணி உறுதி பார்க்கவும் வடக்கே போகவேண்டியவர்கள் அனுராதபுரம், வவுனியா வழியாகச் சுமார் 270 கிலோமீட்டரைப் பஸ்ஸில் கடக்கிறார்கள். இரத்மலானையிலிருந்து பலாலிக்கு வரைபடத்தில் கோடு கிழித்தால், அது தில்லையடிக்குக் கிழக்கே பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் செல்கிறது. ஆயினும் அவ்வழியே விமானமேற விரும்பினால் இவ்வூரான் முதலிலே தெற்கு நோக்கி 140 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போகவேண்டும். புத்தியுள்ளவன் எவன் போவான்? ஆதலால் பயணப் பையோடு அனுராதபுரம் பஸ்ஸுக்கே காத்து நிற்கிறார்கள்.