ஓப்பரா உலாவி: ஒரு சிறு நிறுவனத்தின் போட்டி

ஓப்பரா, நார்வே நாட்டில் உருவான இணைய உலாவி. அந்நாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனமான டெலினாரில் 1994-இல் ஓர் ஆய்வுத் திட்டமாகத் தொடங்கியது. அதில் பணியாற்றிய யோன் வான் டெட்ச்னர், கெய்ர் இவர்சோய் ஆகிய இருவரும் 1995-இல் தனி நிறுவனம் தொடங்கினர்.

மைக்ரோசாப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியை விண்டோசுடன் சேர்த்தே வழங்கிய காலம் அது. ஓப்பராவோ காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள். இலவசமாக வீடு தேடி வருவதை விட்டுவிட்டு விலை கொடுப்பவர் சிலரே. எனவே 2000-இல் விளம்பரத்துடன் கூடிய இலவசப் பதிப்பு வந்தது. 2005-இல் விளம்பரமும் நீக்கப்பட்டது. அதன்பின் தேடுபொறி நிறுவனங்கள் தரும் தொகை முக்கிய வருவாயாயிற்று. அதாவது, பின்னாளில் போட்டியாளராக வரவிருந்த கூகுளின் பணமும் அதில் இருந்தது.

கணினியில் கிடைக்காத இடம் கைப்பேசியில் கிடைத்தது. 2006-இல் உலகெங்கும் வெளியான ஓப்பரா மினி, இணையப் பக்கத்தை முதலில் தன் வழங்கிக்கு வரவழைத்து, சுருக்கி, பிறகே கைப்பேசிக்கு அனுப்பியது. விலை குறைந்த கருவியிலும் மெதுவான இணைப்பிலும் பக்கங்கள் திறந்தன. தரவுச் செலவும் குறைந்தது. தமிழ் எழுத்துரு இல்லாத கைப்பேசிகளில் தமிழ்ப் பக்கங்கள் வெறும் கட்டங்களாகத் தெரிந்த நாட்கள் அவை. ஓப்பரா மினியின் அமைப்புப் பக்கத்தில் ஒரு தெரிவை மாற்றினால், வழங்கியே எழுத்துகளைப் படமாக்கி அனுப்பிவிடும். பெரிய நிறுவனங்கள் கவனிக்காத வாசகர்களை இந்தச் சிறு நிறுவனம் கவனித்தது. அதன் உண்மையான வெற்றி இதுவே எனலாம்.

சட்டப் போராட்டத்தின் பலன் வேறுவிதமானது. விண்டோசுடன் உலாவியைப் பிணைப்பது முறையன்று என்று 2007 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையத்திடம் ஓப்பரா முறையிட்டது. அதன் விளைவாக, 2010 முதல் ஐரோப்பியப் பயனர்களுக்கு உலாவிகளைத் தேர்ந்தெடுக்கும் திரை காட்டப்பட்டது. இடையில் சில காலம் அத்திரையைக் காட்டத் தவறியதற்காக, 2013-இல் மைக்ரோசாப்டுக்கு 56.1 கோடி யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. அதில் ஒரு காசும் ஓப்பராவுக்குரியதன்று. அதற்குள் 2008-இல் வெளியான குரோம் வேகமாகப் பரவிவிட்டது. வழக்கு ஒருவர் மீது. களத்தில் வென்றவர் இன்னொருவர்.

அதே 2013-இல் தனது சொந்தப் பக்கப்பொறியான பிரஸ்டோவைக் கைவிடுவதாக ஓப்பரா அறிவித்தது. தன் உலாவிகளுக்கு 30 கோடிப் பயனர்கள் இருப்பதாகவும் அந்த அறிவிப்பிலேயே கூறியது. இத்தனை பேர் இருந்தும் ஏன் கைவிட வேண்டும்? வலைத்தளம் அமைப்போர் பெரிய உலாவிகளில் மட்டுமே சோதித்துப் பார்த்தனர். பிரஸ்டோவில் பக்கம் பிழையாகத் தெரிந்தால், பயனர் குறை சொல்வது ஓப்பராவைத்தான். அந்தப் பிழைகளைத் துரத்துவதிலேயே ஒரு சிறு குழுவின் உழைப்பு கரைந்தது. கூகுளின் குரோமியம் அடித்தளத்துக்கு ஓப்பரா மாறியது.

2016-இல் உலாவித் தொழில் ஒரு சீன முதலீட்டுக் கூட்டமைப்புக்கு விற்கப்பட்டது. 2011-லேயே விலகியிருந்த டெட்ச்னர், விவால்டி என்ற புதிய உலாவியைத் தொடங்கினார். அதன் முதல் முழுப் பதிப்பு 2016-இல் வந்தது. அதுவும் குரோமியத்தின் மீதே இயங்குகிறது.