வாஷிங்ரனின் ஐந்து அணுவுலைகள்: ஒரு கடனின் வரலாறு

அணுமின்சக்தியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பௌதிகவியலாளரின் ஆய்வுகூடத்திலிருந்தே தொடங்குவர். அவ்வரலாற்றின் ஒரு பாதி கடன்முறிச் சந்தையிற் கிடக்கின்றது. ஐக்கிய அமெரிக்காவின் வாஷிங்ரன் மாநிலத்தில் (தலைநகரன்று, பசுபிக் கரையோர மாநிலம்) நிகழ்ந்தவை இதற்குத் தக்க சான்றாகும்.

கொலம்பியா ஆற்றின் அணைக்கட்டுகள் அப்பிரதேசத்துக்கு மிக மலிவான மின்சாரத்தை வழங்கிவந்தன. மின்தேவையோ பத்தாண்டுக்கொருமுறை இரட்டிக்கும் எனக் கணித்தனர். ஆற்றுநீர் மட்டும் போதாதெனக் கருதி, 1957 இல் நிறுவப்பட்ட வாஷிங்ரன் பொது மின்வழங்கல் அமைப்பு, 1970 களில் ஐந்து அணுமின் நிலையங்களைக் கட்ட முற்பட்டது. மூன்று ஹான்போர்டிலும் இரண்டு சட்சொப்பிலும் எழுந்தன. ஐந்துக்கும் மூன்று வேறு கம்பனிகளின் உலைகள்! ஒன்றைக் கட்டுகையிற் பெற்ற அனுபவம் மற்றொன்றுக்கு உதவும் வாய்ப்பு இதனால் அருகியது.

முதல் மூன்றுக்கும் பொனவில் என்னும் மத்திய அரசின் மின் நிருவாகம் பொறுப்பு நின்றது. நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் 88 உள்ளூர் மின்விநியோக நிறுவனங்களின் வாக்குறுதியே ஈடு. மின்சாரம் உற்பத்தியாகாவிடினும் பணம் செலுத்துவோம் என அவை ஒப்பமிட்டன. 1983 இன் பின் வளரும் தேவையை நிறைவுசெய்ய உறுதிகூற இயலாதெனப் பொனவில் 1976 இல் அறிவித்தமையே இதற்குத் தூண்டுகோலாயிற்று. சியாற்றில் நகரம் தானே கணக்குப் பார்த்து, மின்னைச் சிக்கனப்படுத்துதலே மலிவெனக் கண்டு, அவ்வாண்டிலேயே விலகி நின்றது.

அணுமின் நிலையத்தில் எரிபொருட் செலவு சிறிது; கட்டுமான மூலதனமே பெரிது. உலை இயங்கும்வரை ஒரு சதமேனும் வருமானமில்லை. வட்டியோ நாள்தோறும் ஏறும். அவ்வட்டியைக் கொடுக்கவும் புதிய முறிகளை விற்க நேரும். 1981 இல் அந்நாட்டு வங்கிகள் முதற்றர வாடிக்கையாளரிடமே 20 வீத வட்டி கேட்டன. ஐந்து நிலையங்களின் மதிப்பீடு 410 கோடி டொலரிலிருந்து ஏறத்தாழ 2,400 கோடியாயிற்று. கட்டணம் உயரவே மக்கள் பாவனையைக் குறைத்தனர். எத்தேவைக்காகக் கட்டினரோ அத்தேவையே தேய்ந்தது. 1979 இன் திறீ மைல் ஐலன்ட் விபத்தே அமெரிக்க அணுமின்னை வீழ்த்தியது என்பர். விபத்தின்பின் விதிகள் இறுகியமை உண்மையே. ஆயினும் இங்கு வட்டியும் காலதாமதமும் முன்னரே தம் வேலையைத் தொடங்கிவிட்டன.

1982 சனவரியில் நான்காவதும் ஐந்தாவதும் கைவிடப்பட்டன. அத்தகைய ஒப்பந்தத்தைச் செய்ய அம்மாநில நிறுவனங்களுக்குச் சட்ட அதிகாரமே இருக்கவில்லையென 1983 யூனில் மாநில உயர் நீதிமன்றம் தீர்த்தது. அடுத்த மாதம் 225 கோடி டொலர்க் கடன் செலுத்தப்படாது நின்றது. அந்நாட்டு உள்ளூராட்சி முறிகளின் வரலாற்றில் அதுவரை அத்துணைப் பெரிய தவணைத் தவறல் நிகழ்ந்ததில்லை. மின்பாவனையாளர் தப்பினர், ஓய்வுகாலச் சேமிப்பை முறிகளிலிட்டோர் தப்பவில்லை. தீர்ப்பைக் குறைகூறுவதிலும், அதிகாரம் உண்டா என்பதை ஐயமறத் தெளியாது முறிகளை விற்றோரைக் குறைகூறலே பொருத்தமென்பது எமது கருத்து.

ஐந்தனுள் இரண்டாம் நிலையம் மட்டுமே 1984 இல் இயங்கத் தொடங்கியது. முற்றுப்பெறாத முதலாம், மூன்றாம் நிலையங்களின் கடனைப் பொனவில்லிடம் மின் வாங்கியோர் பல்லாண்டுகள் தம் கட்டணத்தோடு சேர்த்துச் செலுத்தினர்.