கடல்கட்டியும் கருவூலமும்

அரசுக்குச் சேர வேண்டிய வருவாயிலிருந்து தனியார் பதவிகளுக்கும் சமூக அமைப்புகளுக்கும் பங்கு ஒதுக்கும் வழக்கம் தூத்துக்குடி முத்துக்குளித்துறையில் பல நூற்றாண்டுகள் நிலவியது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைப் பற்றிச் சொன்ன மார்க்கோ போலோ, முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், சுறாக்களை மந்திரத்தால் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கும் சென்றதாகக் குறிப்பிடுகிறார். அரசன் பெற்றதில் பாதியை மந்திரவாதி பெற்றார் என்பது சிறிய செய்தியன்று.

'கடல்கட்டி' எனப்பட்ட இப்பரம்பரைப் பணியாளருக்கு, மன்னார் வளைகுடாவின் இலங்கைக் கரையில் ஆங்கில அரசே ஊதியம் அளித்தது. அவர் கரையில் இருந்தாலன்றிக் குளிப்போர் நீரில் இறங்கமாட்டார்கள் என்பதே காரணம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கு சென்ற எமர்சன் டெனன்ட், குடும்பத் தலைவரான கடல்கட்டி ரோமன் கத்தோலிக்கர் என்றும், நோயுற்ற அவருக்குப் பதிலாக வந்தவர், தமக்கு மந்திரம் தெரியாவிட்டாலும் தலைவரின் பிரதிநிதியாகத் தாம் வந்திருப்பதையே சுறாக்கள் மதிக்கும் என்று உறுதிகூறினார் என்றும் எழுதியுள்ளார். அரசு விலைகொடுத்து வாங்கியது மந்திரத்தை அன்று, குளிப்போரின் நம்பிக்கையை.

தூத்துக்குடியை 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து கைப்பற்றிய டச்சுக் கம்பெனியின் காலத்தில் இவ்வழக்கம் 'கல்' கணக்கில் நடந்தது. குளிப்பவர் விரைந்து அடியில் இறங்கப் பயன்படுத்தும் கல்லே வரிக்கும் அளவாக இருந்ததால், மதுரை நாயக்கருக்கும் இராமநாதபுரம் சேதுபதிக்கும், பரதவர் ஊர்த்தலைவர்களான பட்டங்கட்டிகளுக்கும் வரியில்லாக் கற்கள் ஒதுக்கப்பட்டன. பரதவரின் ஜாதித் தலைவருக்குப் படகு உரிமை ஆங்கிலேயர் ஆட்சியிலும் தொடர்ந்தது. ஆட்களைத் திரட்டவும் ஒழுங்கில் நிறுத்தவும் அவரது சொல் தேவைப்பட்டது. இதை வெறும் சலுகை என்று ஒதுக்குவது பிழை. ஆயினும் வரியில்லாக் கல் என்பது வருவாய் கணக்கில் ஏறுமுன்பே கழிந்துவிடும் தொகையாதலால், எந்தச் செலவேட்டிலும் அது செலவாகத் தோன்றவில்லை. இன்றோ, 1974இல் பெருந்துறைமுகமான தூத்துக்குடித் துறைமுகத்தின் கணக்குகள் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் பார்வைக்கு உட்பட்டவை.

அன்றைய குளிப்பவருக்கு அத்தகைய காப்பு இருக்கவில்லை. 1889, 1890ஆம் ஆண்டுகளின் தூத்துக்குடிக் குளிப்புகளில் எடுத்த சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கை அரசு எடுத்துக்கொள்ள, எஞ்சிய ஒரு பங்கே, மூச்சடக்கி அவற்றைக் கொண்டுவந்தவர்களுக்குக் கிடைத்தது.