கொப்பி யாருக்குச் சொந்தம்?

போன மாதம் எங்கட பழைய கணினியில் இருந்த கட்டுரைகள், நேர்காணல் எழுத்துப்படிகள், படங்கள் எல்லாத்தையும் புதுக் கணினிக்கு மாத்தினோம். இரண்டிலும் லினக்ஸ். ஐந்து பேர் பாவிச்ச கணினி அது, ஆளுக்கொரு கணக்கு. பழைய வன்தட்டைக் கழற்றிப் புதுக் கணினியில் கொழுவி, எங்களில் ஒருவர் இரவிரவாக இருந்து கொப்பி பண்ணினார். ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை. விடியப் பார்த்தால் எல்லாக் கோப்பும் அவரின்ர பெயரில் இருக்கு!

ஒரு வரியும் அழியவில்லை, திகதிகளும் அப்படியே இருந்தன. ஆனால் எழுதின ஆட்களுக்கே தங்கட கட்டுரையில் ஒரு எழுத்தைத் திருத்த ஏலாமல் போச்சுது. அதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்றும் இருந்தது. எந்த நேர்காணலை ஆர் எழுத்தில் கொண்டுவந்தது என்று நாங்கள் வேறெங்கும் குறிச்சு வைக்கவில்லை. கோப்பின் உரிமையாளர் பெயர்தான் இருந்த ஒரே சாட்சி. இரண்டு பேர் இப்ப நாட்டிலும் இல்லை. பழைய வன்தட்டை இன்னும் அழிக்காமல் விட்டது எங்கட அதிஷ்டம்.

இது ஏன் நடந்தது என்று தேடப்போய், 50 வருசத்துக்கு மேற்பட்ட ஒரு கதைக்குள் போய் விழுந்தோம்.

யுனிக்ஸ் 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் தொடங்கியது. கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும்தான் அதன் முதன்மையான ஆக்கர்கள். 1971 நவம்பரில் முதல் கையேடு வந்தபோது, கோப்பைக் கொப்பி பண்ணுற ‘சிபி’ கட்டளையும், உரிமையாளரை மாத்துற ‘சவுன்’ கட்டளையும் அதிலேயே இருந்தன. காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதுதான். அப்ப கணினி என்றால் பல பேர் பங்குபோடும் ஒரு விலையுயர்ந்த பொருள். ஆய்வுகூடத்தின் காப்புரிமைப் பிரிவில் தட்டச்சுச் செய்தவர்களும், யுனிக்சை எழுதிக்கொண்டிருந்தவர்களும் ஒரே இயந்திரத்தைப் பாவிச்ச காலம் அது. எது ஆருடையது என்று இயந்திரத்துக்குத் தெரியவேண்டி இருந்தது.

ஆனால் இயந்திரம் பெயரை எழுதி வைக்கவில்லை, இலக்கத்தைத்தான் எழுதியது. ஒவ்வொரு கோப்புக்கும் ‘ஐநோட்’ என்ற சின்னக் குறிப்பு ஒன்று வன்தட்டில் இருக்கும். அதில் உரிமையாளரின் கணக்கு இலக்கம் மட்டும் இருக்கும். எந்த இலக்கம் எந்தப் பெயர் என்ற பட்டியல் வேறொரு கோப்பில். ஆரம்பத்தில் அந்த இலக்கத்துக்கு ஒரே ஒரு பைட்தான் ஒதுக்கியிருந்தார்கள், அதாவது 256 ஆட்களுக்கு மேல் இடமில்லை. ஒரு கட்டடத்துக்குள் இருந்த ஒரு இயந்திரத்துக்கு அது காணும்தானே. அந்த இலக்கம் இன்னொரு இயந்திரத்துக்குப் போனால் என்ன நடக்கும் என்ற கேள்வி பிறகுதான் பெரிதானது.

சரி, கொப்பி பண்ணினால் புதுக் கோப்பு ஆருக்குச் சொந்தம்? நூலகப் புத்தகத்தைப் போட்டோக்கொப்பி எடுத்தால் புத்தகம் நூலகத்தினது, கொப்பி எங்களது. யுனிக்சும் அப்படித்தான் யோசிச்சது. கொப்பி என்பது புதுக் கோப்பு, அதை உருவாக்கினவரே அதன் உரிமையாளர்.

அப்படியென்றால் கொப்பி எடுத்த பிறகு, ‘இது உன்னுடையது’ என்று பழைய ஆளின் பெயருக்கே மாத்திக் கொடுக்கலாம்தானே? கொடுக்கிறது நல்ல விசயம்தானே? ஆரம்ப யுனிக்சில் அப்படிக் கொடுக்க ஏலுமாயிருந்தது, கோப்பின் உரிமையாளரே அதை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கலாம். ஆனால் இதில் இரண்டு வில்லங்கம் இருந்தது.

ஒன்று, டெனிஸ் ரிச்சி கண்டுபிடிச்சு 1979இல் காப்புரிமை பெற்ற ‘செட்யூஐடி’ என்ற அடையாளம். அது போடப்பட்ட நிரலை ஆர் ஓட்டினாலும், அது உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும். நான் ஒரு கள்ள நிரலை எழுதி, அந்த அடையாளத்தைப் போட்டு, உங்கட பெயருக்கு மாத்திவிட்டால், அது உங்கட அதிகாரத்தோடு உங்கட கோப்புகளுக்குள் போகும். அதனால் உரிமையாளர் மாறும்போது அந்த அடையாளத்தைக் கழற்றிவிடும் வழக்கம் வந்தது.

மற்றது, இடம். ஆளுக்கு இவ்வளவு இடம்தான் என்று ஒதுக்கினால், பெரிய கோப்புகளை அடுத்தவரின் பெயருக்கு மாத்திவிட்டு அவரின்ர கணக்கில் இடத்தைத் தின்னலாம். 1979இல் வந்த ஏழாம் பதிப்பின் கையேடு, உரிமையாளரை மாத்தும் அதிகாரம் ‘ரூட்’ என்ற தலைமைக் கணக்குக்கு மட்டும்தான் என்று சொல்லி, இந்த இடக் கணக்கையே காரணமாகக் காட்டியது. அப்படியொரு கணக்குமுறை இன்னும் இல்லை என்பதையும் அடைப்புக்குறிக்குள் ஒத்துக்கொண்டது! கையேட்டுக்குள்ளும் பகிடி விட்டிருக்கிறார்கள்.

அந்தக் கணக்குமுறை 1983இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 4.2பிஎஸ்டியில் உண்மையாகவே வந்தது. அங்கே ரூட் மட்டும்தான் மாத்தலாம். அதே வருசம் வந்த ஏரிஅன்ட்ரியின் சிஸ்டம் ஃபைவ், உரிமையாளரே கொடுக்கலாம் என்றது. 1988இல் ‘பொசிக்ஸ்’ என்ற பொதுத் தரம் இரண்டையும் அனுமதிச்சுவிட்டு, எந்த முறை என்பதை ஒவ்வொரு அமைப்பும் அறிவிக்கவேண்டும் என்றது. லினக்ஸ் பெர்க்லியின் வழியில் நிற்கிறது.

இவ்வளவும் வாசிச்ச பிறகு, நாங்களே ஒரு பழைய மடிக்கணினியில் சோதிச்சுப் பார்த்தோம்.

முதல் சோதனையிலேயே பிழை விட்டோம். எங்கட கோப்பை எங்கட கணக்கிலிருந்தே கொப்பி பண்ணிவிட்டு, உரிமையாளர் மாறவில்லை, சரி என்று முடிவெடுத்தோம். யோசிச்சால் அது சோதனையே இல்லை. உரிமையைக் காப்பாற்றினாலும் காப்பாற்றாவிட்டாலும் விடை ஒன்றுதான். குறைந்தது இரண்டு கணக்கு வேண்டும், ஒருவரின் கோப்பை மற்றவர் கொப்பி பண்ணவேண்டும்.

இரண்டாவது, அப்படியே செய்தோம். சிபி கட்டளைக்கு ‘பி’ என்ற தெரிவைக் கொடுத்தால் திகதி, அனுமதி, உரிமை மூன்றையும் காப்பாற்றவேண்டும். திகதியும் அனுமதியும் வந்தன, உரிமை வரவில்லை. சாதாரணக் கணக்குக்கு அந்த அதிகாரம் இல்லை என்பதால் சிபி அதை விட்டுவிட்டது. ஒரு சொல்லும் சொல்லவில்லை, ‘வெற்றி’ என்றே முடிந்தது. எங்கட வீட்டில் நடந்ததும் இதுதான்.

மூன்றாவது, ரூட்டாக இருந்து கொப்பி பண்ணினோம். இப்ப உரிமை வந்தது. லினக்சில் இருக்கிற ஜிஎன்யூ சிபியை எழுதினவர்களும் இதை அறிவார்கள். உரிமை சம்பந்தமான அவர்களின் சோதனைகளை ரூட் இல்லாமல் ஓட்டினால், ‘தவிர்க்கப்பட்டது’ என்று வரும். ‘சரி’ என்று வராது. நேர்மையான பழக்கம்.

நாலாவது சோதனைதான் எங்களைக் கவிழ்த்தது. பழைய வன்தட்டிலிருந்து ரூட்டாகவே திரும்பக் கொப்பி பண்ணினோம். இந்த முறை ஒருவரின் கட்டுரைகள் இன்னொருவரின் பெயரில்! பழைய கணினியில் 1001 ஒருவர், புதுக் கணினியில் கணக்குத் திறந்த ஒழுங்கு மாறினதால் 1001 வேறொருவர். சிபி இலக்கத்தைச் சரியாகத்தான் காப்பாற்றியது. அந்த இலக்கத்துக்குப் பின்னால் இருந்த ஆள்தான் மாறிப்போனார்.

இதற்கும் பழைய விடை ஒன்று இருக்கு. 1979இன் ‘டார்’ இலக்கத்தை மட்டும் பொதிஞ்சு வைத்தது. 1988 பொசிக்ஸ் தரத்தின் ‘யூஸ்டார்’ வடிவம் பெயரையும் சேர்த்து வைத்தது. ரூட்டாக இருந்து பிரிச்சால், முதலில் பெயரைத் தேடும், பெயர் இல்லாவிட்டால்தான் இலக்கத்துக்குப் போகும். ஆனால் பொதி கட்டுறது பழைய கணினியிலேயே நடக்கவேண்டும், ஏனென்றால் சரியான பெயர்ப் பட்டியல் அங்கேதான் இருக்கு. பென்டிரைவில் கொண்டுபோறவர்களும் கவனியுங்கோ. அவற்றில் வழமையாக இருக்கும் ஃபேட் வடிவத்தில் உரிமையாளரைக் குறிக்க இடமே இல்லை. அதனால் டார் பொதியாகக் கட்டித்தான் போடவேண்டும்.

வன்தட்டைத் திரும்பப் பழைய கணினியில் பூட்டி, ரூட்டாகப் பொதி கட்டினோம். புதுக் கணினியில் ஐந்து கணக்கும் அதே பெயர்களில் இருக்கா என்று பார்த்துவிட்டுப் பிரிச்சோம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோப்பின் பெயரையும் உரிமையாளர் பெயரையும் பட்டியலாக எடுத்து ஒப்பிட்டோம். ஒரு வரியும் மாறவில்லை.

நாட்டில் இல்லாத அந்த இரண்டு பேரின் நேர்காணல்களும் அவர்களின் பெயரிலேயே இருக்கு. இருந்தாலும், இனி ஒவ்வொரு எழுத்துப்படியின் முதல் வரியிலும் எழுதினவரின் பெயரைப் போடுவது என்று முடிவெடுத்திருக்கிறோம். பழைய வன்தட்டை அதற்குப் பிறகுதான் அழிப்போம்.