மூட்டையைக் கட்டு

தமிழில் ஏவலுக்குத் தனி உருவம் தேட வேண்டியதில்லை. கட்டு, எடு, தூக்கு, நட என வினைப்பகுதியே கட்டளையாக நின்றுவிடுகிறது. பிரெஞ்சுப் படையின் பயணக் கட்டளையிலோ வினைச்சொல்லே கிடையாது. ‘சாக் ஒ தோ’ என்றால் ‘மூட்டை முதுகில்’. ‘சாக் அ தேர்’ என்றால் ‘மூட்டை தரையில்’. பொருளையும் இடத்தையும் சொன்னால் போதும்; இடையிலுள்ள உழைப்பு சிப்பாயினுடையது. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனம்வரை சென்ற நம்மவர்களைப் புதுவை மக்கள் ‘சொல்தா’ என்றழைத்தனர். அவர்கள் காதில் பதிந்த பிரெஞ்சு இத்தகையது.

ஆயினும், பிரெஞ்சு ஏவல் நம் கள்ளக்குறிச்சிச் சீமைக்கு அவர்களுக்கும் முன்னரே வந்துவிட்டது. கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே, நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் தியாகதுருகம் மலைக்கோட்டையைப் பேருந்தில் கடந்து செல்வோர் பலர். ஏறிப் பார்ப்போர் சிலரே. மேற்கே கல்வராயன் மலைத்தொடர். அதற்கும் பச்சைமலைக்கும் இடையே ஆத்தூர் வழியாகக் கடற்கரைக்கு இறங்கும் பாதையை இக்கோட்டை காவல் செய்தது. சேலத்துப் பக்கமிருந்து பொதிமாடுகள் எதைச் சுமந்து வந்தாலும் இதன் கண்ணில் படாமல் போகவியலாது.

1760 ஜனவரியில் வந்தவாசியில் தோற்றபின், தளபதி லாலியின் கவலை சோற்றைப் பற்றியதாயிற்று. கர்னல் கூட்டின் ஆங்கிலப் படை புதுவையை நெருங்கிக்கொண்டிருந்தது. அவ்வாண்டின் நடுவில் ஐதர் அலியுடன் உடன்படிக்கை ஏற்பட்டது. தியாகதுருகத்தையும் எலவானாசூரையும் மைசூரார் பெறுவது, ஈடாகப் படையும் உணவுப் பொருளும் அனுப்புவது என்பது ஏற்பாடு. ஐதரின் மைத்துனர் மக்தூம் அலியின் குதிரைப்படை வந்தது. திருவதிகையருகே ஆங்கிலேயரை முறியடிக்கவும் செய்தது. ஆனால் சீரங்கப்பட்டணத்தில் ஐதருக்கே ஆபத்து நேர்ந்ததும் படை திரும்பிவிட்டது. அத்துடன் பொதிமாடுகளின் வரிசையும் நின்றது. பீரங்கி இருந்தும் அரிசி இல்லாத கோட்டை எத்தனை நாள் நிற்கும்?

இனி வருவதை எழுத நமக்குக் கை கூசுகிறது. 1760 நவம்பர் இறுதியில், இருக்கும் உணவைப் படைக்கென மிச்சப்படுத்த, சுமார் 1400 நகரவாசிகளை லாலி வெளியேற்றினார். நம் மக்கள், பெண்களும் பிள்ளைகளும் உட்பட. ஆங்கிலேயர் வழிவிடவில்லை. திரும்பி வந்தால் கோட்டையிலிருந்து சுட்டார்கள். எட்டு நாள் இரு படைகளுக்கும் நடுவே, வயலில் கிடைத்த வேரையும் பூண்டையும் தின்று கிடந்தபின்னரே கூட் மனமிரங்கி வழிவிட்டார். முக்கியமான வெள்ளையர் வீடுகளின் பணியாட்கள் சிலர் மட்டும் உள்ளே நிறுத்திக்கொள்ளப்பட்டனர். ‘கொண்டு வா’, ‘எடுத்து வை’, ‘கட்டு’ என்ற ஏவலைப் பிரெஞ்சில் கேட்டுப் பழகிய கைகள் உள்ளே தங்கின. மற்றவர்க்கு ‘சொர்த்தே’ என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது: வெளியே போங்கள். பிரெஞ்சு இலக்கணப்படி அது மரியாதைப் பன்மை!

ஊரார் தட்டுமுட்டுகளுடன் வெளியேறும் காட்சிகளை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் பலமுறை காண்கிறோம். நகரம் வீழ்ந்த அதே 1761 ஜனவரியில் பிள்ளையவர்களும் கண்மூடினார். தியாகதுருகமோ தலைநகர் சரணடைந்தபிறகும் பணியவில்லை. 65 நாள் முற்றுகையையும் குண்டுவீச்சையும் தாங்கி, பிப்ரவரியில்தான் மேஜர் பிரஸ்டனிடம் சரணடைந்தது. பணிவதற்கு முந்திய இரவு அங்கிருந்த தமிழ்ச் சிப்பாய் எந்த மொழியின் ஏவலைக் கேட்டுத் தன் மூட்டையைக் கட்டினானோ!

ஏறத்தாழ நூறாண்டுக்குப்பின் பாடம் திசைமாறியது. பாரிஸ் வேதபோதக சபைக் குருக்களான மூசே, துப்புயி அடிகளார் இருவரும் தமிழ்-பிரெஞ்சு அகராதியைப் புதுவை மிஷன் அச்சகத்தில் 1855, 1862 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்டனர். இப்போது ஏவலைக் கற்கவேண்டியவர் வெள்ளைக்காரரே. பூசைப் பெட்டி, அவஸ்தைத் தைலம், அரிசி, விளக்கு ஆகியவற்றை வண்டியில் ஏற்றச் சொல்லித்தானே உள்நாட்டு ஊர்களுக்குப் புறப்பட வேண்டும்? வந்தவருக்கு முதல் தடுமாற்றம் இங்கேதான். பிரெஞ்சில் நீ, நீங்கள் என இரண்டே படி. தமிழிலோ கட்டு, கட்டும், கட்டுங்கள் என மூன்று. இடையிலுள்ள ‘கட்டும்’ இன்று பேச்சில் அருகிவிட்டது. நம் பழைய செபங்களில் ‘இரங்கும்’, ‘மன்னியும்’ என்று கடவுளிடம் பேசும்போது மட்டும் மிஞ்சியிருக்கிறது. வண்டிக்காரரிடம் எந்தப் படியில் பேசுவது என்பதைப் புதிதாய் வந்த குரு ஒவ்வொருவரும், மாடு பூட்டுவதற்குள் தீர்மானித்தாக வேண்டியிருந்தது.